யார் கட்டின வண்டி?

பழைய கார் வைத்திருக்கிற பெரிய மனுசர்கள் ஒரு வார்த்தை சொல்வார்கள். "இந்த வண்டிய ரெண்டு வருசம் உக்காந்து நானே கட்டுனேன்" என்பார்கள். உக்காந்தது நிஜம். பட்டறை வாசலில் நாற்காலி போட்டு, டீ குடித்துக்கொண்டு உக்காந்திருந்தார்கள். கட்டினது வேற ஆள். 1974-இல் பதிமூணு வயசில் பட்டறைக்குள் நுழைந்ததிலிருந்து இன்றுவரைக்கும் அந்த வேற ஆளாகவே இருந்து வருகிறவன் நான். அதனால் நான் கை வைத்த ஒரே ஒரு வண்டியைப் பற்றி இங்கே எழுதி வைக்கிறேன்.

எங்க தெருவு கோயமுத்தூருக்குத் தெற்கே, பொள்ளாச்சி ரோட்டை ஒட்டின ஓர் ஊரின் வெளியே இருக்கிறது. மாதாரித் தெருவு என்பார்கள். எங்கய்யன் தோல் வேலைக்காரர். கிணத்தில் மாடு பூட்டிக் கவலை இறைத்த காலத்தில், தண்ணி மொள்ளும் பறியின் அடியில் தொங்குகிற தோல்வாலைத் தைத்துக் கொடுப்பது அவர் வேலை. பண்ணையத்தில் மாடு செத்தால் நாங்கதான் தூக்க வேண்டும், உரிக்க வேண்டும், ஆவாரம்பட்டை போட்டு ஊற வைக்க வேண்டும். தைத்த தோலில் ஒரு சொட்டு ஒழுகினாலும் வசவு. ஒழுகாமல் இருந்தால் பேச்சே இல்லை. வருசத்துக்கு ஒருதாட்டி களத்தில் கொஞ்சம் தானியம் அளப்பார்கள்.

1930-களில் பைக்காராவிலிருந்து கோயமுத்தூருக்கு மின்சாரம் வந்தது. பின்னாலேயே பம்ப்செட்டு வந்தது. அந்த மோட்டாரைக் கோயமுத்தூரிலேயே செய்ய ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு கிணத்திலும் மோட்டார் ஏற ஏற, கவலை நின்னு போச்சு. எங்கய்யன் செருப்புத் தைக்கப் போனார். "மோட்டாரு நம்ம சோத்தத் தின்னுபோட்டுது. நீ மோட்டாருகிட்டயே போயிரு பையா" என்று சொல்லித்தான் என்னைக் கார் ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் விட்டார்.

முதல் நாலு வருசம் மண்ணெண்ணெயில் சாமான் கழுவினேன். கழுவிக் கழுவியே எந்த வண்டிக்கு எந்த வால்வு, எந்தப் பேரிங் என்று தெரிந்துகொண்டேன். யாரும் சொல்லித் தரவில்லை. கிரீஸ் பூசின கையில் சாதி தெரியாது என்று சிலர் எழுதுகிறார்கள். டீ வந்தால் தெரியும். எல்லார் டம்ளரும் பலகைமேல் இருக்கும். என் டம்ளர் ஜன்னல் கம்பியில் தனியாகத் தொங்கும். குடித்துவிட்டு நானே கழுவி நானே மாட்ட வேண்டும்.

1990-இல் எஸ்டேட் முதலாளி ஒருவர் எங்க பட்டறைக்கு ஒரு லேண்ட்மாஸ்டரை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். 1956 மாடல். இளைய வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரை வைத்து ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் வங்காளத்து உத்தர்பாராவில் செய்த வண்டி அது. அதற்கு அடுத்து வந்ததுதான் 2014 வரைக்கும் ஓடி முடிந்த அம்பாசடர். இந்த லேண்ட்மாஸ்டர் கோழி அடைகிற கொட்டகையில் பல வருசம் கிடந்திருக்கிறது. தரை இத்துப்போய்க் கீழே மண் தெரிந்தது. கதவு கீல் கழண்டு கையில் வந்தது. சைடு வால்வு எஞ்சின் இறுகிப்போய்ச் சுத்தவே இல்லை.

முதலாளிக்கு ரெண்டு ஆசை. பார்க்க 1956 மாதிரியே இருக்க வேண்டும். ஓட்டும்போது ஊட்டி மலையில் புது வண்டிகளைத் தாண்டிப் போக வேண்டும். அதற்கு ஒரே வழி எஞ்சின் மாத்துவது. அம்பாசடரில் டீசல் எஞ்சின் மாத்தித் தந்த பட்டறைகள் அப்போது ஊருக்கு ஊர் இருந்தன. டாக்ஸிக்காரர்கள் பெட்ரோல் காசுக்குப் பயந்து மாட்டடார் வேன் எஞ்சினைக்கூடத் தூக்கி வைத்து ஓட்டினார்கள். ஆனால் இவர் கேட்டது வேறு. காண்டெஸா காருக்கு வந்திருந்த ஜப்பான் இசுசு எஞ்சின், 1817 சி.சி., அஞ்சு கியர். விபத்தில் நசுங்கின ஒரு காண்டெஸாவை விலைக்கு வாங்கிப் போட்டுவிட்டார். அதே இசுசு எஞ்சினைக் கம்பெனியே அம்பாசடருக்கு வைத்து விற்க வந்தது அதற்கப்புறம்தான். நாங்கள் தகரக் கொட்டகையில் செயின் பிளாக்கை வைத்துக்கொண்டு முன்னாலேயே அதைச் செய்தோம். வரைபடம் கிடையாது. சாக்பீஸும் ஸ்கேலும் மட்டும்தான்.

எஞ்சின் மாத்துவது என்றால் ஒன்றைத் தூக்கிவிட்டு இன்னொன்றை இறக்குவது என்று நினைக்கிறார்கள். இறக்கின உடனேதான் வேலை ஆரம்பம். ஆயில் சம்பின் பள்ளம் முன்னால் இருக்கிற குறுக்குச் சட்டத்தில் போய் இடித்தது. சம்பை அறுத்துப் பள்ளத்தை இடம் மாத்தி வெல்டு வைத்தோம். பள்ளம் மாறினால் ஆயில் உறிஞ்சுகிற குழாயும் மாற வேண்டும். குழாய் வாய் ஆயிலில் முங்கவில்லை என்றால் எஞ்சின் கொஞ்ச நேரத்தில் பிடித்துக்கொள்ளும். பழைய வண்டிக்கு கியர் ஸ்டியரிங் தண்டில். புதுசுக்கு கியர் தரையில். அதற்காகத் தரையை வெட்டி மேடு கட்டினோம். அந்தக் காலத்து இங்கிலீஷ் வண்டிகளில் பேட்டரியின் பாசிட்டிவ் முனையைத்தான் பாடியில் கட்டுவார்கள். இசுசுவில் நெகட்டிவ். தெரியாமல் பழையபடி கட்டினால் ஆல்டர்னேட்டர் எரிந்து போகும். அதனால் வயரிங் முழுசும் புதுசாய் இழுத்தோம். நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். ஏறத்தாழ ரெண்டு மடங்கு இழுவை வந்த பின்னால் அந்த பிரேக்கை நம்பி மலை இறங்க முடியாது. காண்டெஸாவின் வேக்குவம் பூஸ்டரை எடுத்து இதில் பொருத்தினோம். உக்கடத்துப் பழைய சாமான் கடைகளுக்கு எத்தனை தடவை நடந்தேன் என்று கணக்கே இல்லை.

எட்டு மாசம் கழித்து வண்டி ரோட்டுக்கு வந்தது. அறுபது கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டால் போதும், அடியில் இருந்து நடுக்கம் கிளம்பும். கண்ணாடி ஆடும், பல் ஆடும். மேஸ்திரி எஞ்சின் மவுண்டிங் என்றார். ரப்பரை மாத்தினோம். அப்புறம் சக்கரம் என்றார். அதையும் மாத்தினோம். நடுக்கம் போகவில்லை. மூணு நாள் நான் வண்டிக்கு அடியிலேயே கிடந்தேன். கியர் பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குப் போகிற ஜாயிண்ட் ஷாப்டைப் புது நீளத்துக்கு வெட்டி லேத்தில் ஒட்டியிருந்தோம். அதன் ரெண்டு முனையிலும் கவை மாதிரி யோக்கு இருக்கும். அந்த ரெண்டு யோக்கும் ஒரே நேரில் நிற்க வேண்டும். முன் ஜாயிண்ட் ஒரு சுத்தில் கூட்டிக் குறைக்கிற வேகத்தைப் பின் ஜாயிண்ட் அதே அளவு சரிக்கட்டும். ஒன்றுக்கொன்று முறுகி நின்றால் சரிக்கட்டாது, நடுங்கும். ஷாப்டின் நீளத்துக்கு ஒரு சாக்பீஸ் கோடு இழுத்துப் பார்த்தேன். ஒரு யோக்கு நாலு விரல் தள்ளி நின்றது. அறுத்து, நேர் பார்த்து, திரும்ப ஒட்டி, பேலன்ஸ் பார்த்து மாட்டினோம். எண்பதிலும் வண்டி எண்ணெயில் வழுக்குகிற மாதிரிப் போனது.

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தச் சந்தோசத்தை எப்படிச் சொல்வது என்று இன்றைக்கும் தெரியவில்லை. மறுநாள் முதலாளி வந்து கேட்டார். "எப்படிப்பா கண்டுபுடிச்சீங்க?" மேஸ்திரி சொன்னார்: "அனுபவம்தானுங்க, காதுலயே தெரிஞ்சுரும்." நான் கீழே ஜாக்கியை எடுத்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் பேசவில்லை. பேசியிருந்தால் வேலை போயிருக்கும். அப்போது எனக்கு ரெண்டு பிள்ளைகள்.

அடுத்தது சீட்டு. முதலாளிக்குத் தோல் சீட்டு வேண்டும். டவுனில் குஷன் கடைக்காரர் ரெக்ஸினில்தான் பழகினவர். தோலை மெசினில் கொடுத்துப் பார்த்தார், மடிப்புகளில் சுருங்கிப் பிய்ந்தது. நான்தான் மேஸ்திரியிடம் மெதுவாகச் சொன்னேன், "எங்கய்யன் தைப்பாருங்க." மேஸ்திரி யோசித்துவிட்டு, "பகல்ல வேண்டாம், அவங்க வந்து போற எடம். சாயங்காலம் கூட்டிட்டு வா" என்றார்.

மூணு வாரம், ராத்திரி ராத்திரி, அறுபது வயசைத் தாண்டின எங்கய்யன் குண்டு பல்பு வெளிச்சத்தில் உக்காந்து அந்தச் சீட்டைத் தைத்தார். திண்டுக்கல்லில் பதனிட்ட தோல். வந்த உடனே விரித்துப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவினார். "இது முதுகு, இது வவுறு. வவுத்துத் தோலு இழுபடும், குந்துற எடத்துல போட்டா ஆறு மாசத்துல தொங்கிப்போயிரும். முதுகத்தான் அங்க போடோணும்" என்றார். வயித்துத் தோலை ஓரங்களுக்குத் தள்ளினார். மெழுகு தேய்த்த நூல், ஒரே ஓட்டையில் எதிரும் புதிருமாக ரெண்டு ஊசி. மெசின் தையலில் ஓரிடத்தில் அறுந்தால் உருவிக்கொண்டு போகும். இதில் ஒரு நூல் அறுந்தாலும் இன்னொன்று பிடித்து நிற்கும். கவலைத் தோல்வாலுக்குப் போட்ட அதே தையல். கடைசி முடிச்சைச் சீட்டுக்கு அடியில், யார் கண்ணுக்கும் படாத இடத்தில் போட்டார். "மாடு தொட்டா தீட்டில்லயாமா, தோலு தொட்டா தீட்டு. இப்ப அதும்மேலயே குந்தறாங்க" என்று சிரித்தார். எங்கய்யன் சிரித்து நான் பார்த்தது குறைவு.

முதலாளி சீட்டைத் தொட்டுப் பார்த்து, "லண்டன் வேலை மாதிரி இருக்குதே, யாரு தச்சது?" என்றார். மேஸ்திரி டவுன் குஷன் கடையின் பெயரைச் சொன்னார். எங்கய்யனுக்கு நானூறு ரூபாய் வந்தது. கடைப் பேருக்கு எவ்வளவு போனது என்று எனக்குத் தெரியும். அதை எழுதி இப்போது என்ன ஆகப் போகிறது.

கடைசி ஓட்டத்துக்கு என்னையே ஓட்டச் சொன்னார்கள். பொள்ளாச்சி ரோட்டில் எங்க ஊரைத் தாண்டினதும் ஒரு டீக்கடை. வண்டியை நிறுத்தினேன். கருப்புப் பெயிண்டில் முகம் பார்க்கலாம், அப்படி ஒரு பளபளப்பு. கடைக்காரர் ஓடி வந்து, "வாங்க, வாங்க" என்று கண்ணாடி டம்ளரில் டீ கொண்டுவந்து கையில் தந்தார். பாதி குடித்திருப்பேன். பெஞ்சில் இருந்த ஒருத்தன் என்னை அடையாளம் கண்டுகொண்டான். "டே, இது செருப்புத் தைக்கிற மாதாரி பையனல்ல?" கடைக்காரர் முகம் மாறிப்போச்சு. குடித்த டம்ளரை அங்கேயே மண்ணில் வைக்கச் சொன்னார். அதுக்கும் சேர்த்துக் காசு கேட்டார். கொடுத்தேன். டம்ளரை எடுத்துக்கொண்டு வந்து காரில் வைத்தேன். காசு கொடுத்து வாங்கினது என் டம்ளர்தானே.

அந்த வருசமே ஒரு பழைய கார் ஊர்வலத்தில் அந்த வண்டிக்குப் பரிசு கிடைத்தது. பத்திரிகையில் போட்டோ வந்தது. முதலாளி பக்கத்தில் நிற்க, "இரண்டு ஆண்டு உழைப்பு" என்று கீழே அச்சாகியிருந்தது. ஆர்.சி. புத்தகத்தில் எஞ்சின் நம்பரை மாத்தி எழுதி வாங்கினார்கள். அந்தப் புத்தகத்தில் ஓனர் பேர் உண்டு, ஓனரின் அப்பா பேர் உண்டு, எஞ்சின் நம்பர் உண்டு, சேஸிஸ் நம்பர் உண்டு. கட்டினவன் பேருக்கு இடம் இல்லை. கட்டினவனின் அப்பன் பேருக்கு எப்படி இடம் இருக்கும்?

1996-இல் தனியாக ஒரு கொட்டகை போட்டேன். 1998-இல் எங்கய்யன் செத்துப்போனார். எங்க தெருவுப் பையன்கள் நாலு பேர் என்னிடம் தொழில் கற்றார்கள். கொஞ்ச வருசத்துக்கு முன்னால், கல்லூரியில் படிக்கிற எங்க தெருவுத் தம்பி ஒருவர் அமெரிக்காவில் நடந்த ஒரு சங்கதியைச் சொன்னார். அதைப் பற்றிப் படித்த தாள்களையும் கொண்டுவந்து காட்டினார். கலிபோர்னியாவில் மெக்சிகோ வழி வந்த தொழிலாளி சனம், சிக்கானோக்கள் என்று பேர், பழைய செவர்லே கார்களை வாங்கித் தரையோடு தரையாகத் தாழ்த்திக் கட்டினார்கள். லோரைடர் என்பார்கள். வேகமாகப் போவதற்கில்லை, மெதுவாகப் போய் எல்லாரும் பார்ப்பதற்கு. 1950-களின் கடைசியில் அந்த மாநிலம், சக்கரத்தின் ரிம்முக்குக் கீழே வண்டியின் எந்தப் பாகமும் இறங்கக் கூடாது என்று சட்டம் போட்டது. 1959-இல் ரான் அகிர்ரே என்பவர் ஆகாய விமானத்து ஹைட்ராலிக் சாமான்களைத் தன் காரில் வைத்தார். போலீஸ் வந்தால் பொத்தானைத் தட்டினால் வண்டி மேலே எழும்பும், போனால் இறங்கும். வண்டியைத் தாழ்த்துவதற்கும், அப்படி ஊர்வலமாய் ஓட்டுவதற்கும் அங்கே இருந்த தடைகளை 2024 ஜனவரி முதல் எடுத்துவிட்டார்கள்.

அதைவிட எனக்குப் பெரிசாகப் பட்டது வேறொன்று. 'ஜிப்ஸி ரோஸ்' என்று 1964 மாடல் இம்பாலா ஒன்று. உடம்பு முழுக்க ரோசாப்பூ வரைந்த கார். 2017-இல் வாசிங்டனில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துத் தேசத்துக்குக் காட்டினார்கள். ஓனர் ஜெஸ்ஸி வலடெஸ். அது எல்லாருக்கும் தெரியும். ஆனால் ரோசாவை வரைந்தவர் வால்ட் ப்ரே என்பதும் எழுதப்பட்டிருக்கிறது. காரின் கதையைச் சொல்கிறபோது அந்தப் பேரையும் சேர்த்துச் சொல்கிறார்கள். அந்தத் தம்பி இதைப் படித்துச் சொன்னபோது, "திரும்பப் படி" என்றேன். மூணு தடவை படிக்கச் சொன்னேன்.

2022-இல் அந்த லேண்ட்மாஸ்டர் திரும்ப என் கொட்டகைக்கே வந்தது. முதலாளி காலமாகிவிட்டார். மகன் கொண்டுவந்தார். நல்ல படிப்பு, நல்ல பேச்சு. என்னை "அண்ணா" என்றார், நாங்கள் கொடுத்த டீயைக் குடித்தார். இதைச் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை. 2021-இல் மத்திய அரசு பழைய வண்டிகளுக்குப் புது விதி கொண்டுவந்தது. ஐம்பது வருசத்துக்கு மேலான வண்டியை 'விண்டேஜ்' என்று பதியலாம். நம்பரில் 'வி.ஏ.' என்ற எழுத்து வரும். இருபதாயிரம் ரூபாய் கட்டணம். ஆனால் வண்டி அதன் மூல வடிவில் இருக்க வேண்டும், பெரிய மாற்றம் எதுவும் செய்திருக்கக் கூடாது. அதற்கு முன்னாலேயே, 2019-இல், கம்பெனி கொடுத்த அமைப்பை மீறி வண்டியை மாற்றக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிவிட்டது. அதனால் மகனுக்கு இசுசுவை இறக்கிவிட்டுப் பழைய சைடு வால்வு எஞ்சினையே திரும்ப ஏற்ற வேண்டும். முப்பத்தோரு வருசம் அதைப் பொட்டலம் கட்டி வைத்திருந்தார்கள்.

நான் செய்ததை நானே பிரிக்க வேண்டும். அதுகூட எனக்குப் பெரிசில்லை. தொழில்காரனுக்குப் பிரிப்பதும் தொழில்தான். அளவு எடுப்பதற்காகச் சீட்டைத் தூக்கினேன். முப்பத்தோரு வருசம் கழித்தும் ஒரு தையல் விட்டிருக்கவில்லை. அடியில் அந்த முடிச்சு அப்படியே இருந்தது. மகன் சொன்னார்: "இந்த சீட்டு மட்டும் எதுவும் பண்ணிராதீங்கண்ணா. பாக்கறவங்க எல்லாம் இங்கிலாந்துல இருந்து வந்த ஒரிஜினல்னு சொல்றாங்க."

"இது எங்கய்யன் தச்சதுங்க" என்றேன். பல்பு வெளிச்சத்தையும் மூணு வாரத்தையும் சொன்னேன். அவர் முடிச்சைக் குனிந்து பார்த்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. அவருக்கு மனசு கஷ்டப்பட்டது எனக்குத் தெரிந்தது. அப்புறம் சொன்னார்: "பெரிய வேலைங்கண்ணா. ஆனா வெளிய சொல்ல வேண்டாம். ஒரிஜினல்னே இருக்கட்டும். இல்லன்னா பேப்பர்ல சிக்கலாயிரும்."

அப்பாவிடம் மேஸ்திரி மறைத்தார், சாதிக்காக. மகன் மறைக்கச் சொல்கிறார், மதிப்புக்காக. ஆனால் ரெண்டு தடவையும் மறைவது ஒரே ஆள்தான். எங்கய்யன் கை எவ்வளவு சுத்தமாக வேலை செய்ததோ, அவ்வளவு சுத்தமாக அந்தக் கையை அழித்துவிடலாம். மோசமாகத் தைத்திருந்தால் "எவன்டா தச்சது" என்று கேட்டிருப்பார்கள்.

நான் சொன்னேன்: "எஞ்சின எறக்கி ஏத்தித் தர்றேனுங்க. வண்டியோட போட்டோ, பைல் எதுலயாச்சும் ஒரே வரி, சீட்டு இன்னார் தச்சதுன்னு எழுதிக் குடுங்க. கூலி கொறச்சுக்கறேன்." யோசித்துச் சொல்கிறேன் என்று போனார். ரெண்டு நாள் கழித்து ஒரு லாரி வந்து வண்டியை ஏற்றிக்கொண்டு போனது. டவுனில் வேறு பட்டறை. அந்த வேலை கைக்கு வந்திருந்தால் கொட்டகையின் மூணு மாச வாடகை பாக்கி தீர்ந்திருக்கும். என் மகன் என்னோடு ஒரு வாரம் பேசவில்லை. "பேரா சோறு போடும்?" என்று கேட்டான். அவன் கேட்டதும் நியாயம்தான். பதில் என்னிடம் இல்லை. ஆனால் திரும்ப அதே நாள் வந்தால் அதையேதான் கேட்பேன்.

இப்போது என் கொட்டகையில் ஒரு நீளக் கணக்கு நோட்டு இருக்கிறது. வண்டி உள்ளே வந்தால் நம்பரும் தேதியும் எழுதுவோம். வேலை முடிந்து வெளியே போகிற அன்றைக்கு, வெல்டு வைத்தவன், பெயிண்டு அடித்தவன், வயர் இழுத்தவன், சாமான் கழுவின பையன் என்று ஒவ்வொருத்தரும் தன் பேரைத் தன் கையாலே எழுதுகிறார்கள். எழுதத் தெரியாத ஒருத்தர் இருந்தார், அவருக்குப் பையன்கள் சொல்லிக் கொடுத்தார்கள். அந்த நோட்டை எந்த ஆபீசும் ஏற்றுக்கொள்ளாது. அது எங்களுக்குத் தெரியும்.

இதைப் படிக்கிற தோழர்கள் ஒன்று செய்யலாம். பழைய கார் காட்சியோ ஊர்வலமோ எங்கே பார்த்தாலும், பக்கத்தில் நிற்கிறவரிடம் போய், "வெல்டு வெச்சது யாரு? சீட்டு தச்சது யாரு?" என்று சத்தமாகக் கேளுங்கள். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, கேளுங்கள்.

எங்க நோட்டின் முதல் பக்கத்தில் அந்த லேண்ட்மாஸ்டரைத்தான் எழுதியிருக்கிறேன். 1956 மாடல், வேலை நடந்தது 1990–91. ஷாப்டு நேர் பார்த்தது என்று போட்டு என் பேர். தோல் வேலை என்று போட்டு எங்கய்யன் பேர். அவருக்குக் கையெழுத்துப் போட வராது. அதனால் அவர் தைக்கிற நூலில் ஒரு துண்டை எடுத்து, அதே முடிச்சைப் போட்டு, அந்த வரிக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன்.